வெல்டர் என்று நிரூபணமான கோவிந்தராசு

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, பட்டுக்கோட்டைச் சாலையில் இருக்கும் ஒரு பிளெக்ஸ் கடையில், கோவிந்தராசுவின் தோளில் பச்சைத் துண்டு போடுவது என்று முடிவெடுக்கப்பட்டது. முடிவெடுத்தவர்கள் மூன்று பேர்: கடைக்காரர், கோவிந்தராசுவின் மைத்துனர், தொலைபேசி வழியாக நான். வெள்ளைத் துண்டு முதலில் பரிசீலிக்கப்பட்டது. சட்டையும் வெள்ளை என்பதால் கைவிடப்பட்டது. கறுப்பு சிவப்புக் கரை வைத்தால் ஒரு கட்சி, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு சேர்ந்தால் அதன் எதிர்க்கட்சி. பச்சை, விவசாயச் சங்கத்துக்காரர்கள் போடுவது. அதற்காக யாரும் பேனரைக் கிழிக்க மாட்டார்கள். ஆகவே பச்சை ஒருமனதாக நிறைவேறியது.

அவர் இறந்துபோனது எனக்குத் தெரிந்ததே இந்த விவாதத்தின் தொடக்கத்தில்தான்.

"சார், படத்துல உங்க கை வருது" என்றார் கடைக்காரர்.

"எந்தப் படத்துல?"

"கோவிந்தராசு அண்ணன் படத்துல சார். நீங்க தோள்ல கை போட்டு நிக்கிறீங்க. உங்கள வெட்டிட்டேன், கை மட்டும் நிக்குது. அதையும் வெட்டுனா அவரு தோளு போயிரும். மேல ஒரு துண்டப் போட்டு மறைச்சிரட்டுமா?"

"அவரு படம் எதுக்குங்க பிளெக்ஸ்ல?"

மறுமுனையில் அவர் அச்சு இயந்திரத்தை நிறுத்தினார்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா சார்? விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஒரத்தநாடு தாண்டல."

எனக்கு யாரும் சொல்லாமல் விட்டதில் தவறில்லை. நான் அவர்மீது வழக்கு நடத்திக்கொண்டிருந்தவன்.

உங்களில் பலருக்கு இந்த வழக்கு தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் எங்கள் குடும்பத்துக்கு ஐந்து மா நஞ்சை உண்டு. ஏக்கரில் சொன்னால் ஒன்றரையைச் சற்றே தாண்டும். என் தாத்தா அதைக் கோவிந்தராசுவின் அப்பாவிடம் குத்தகைக்கு விட்டார். என் அப்பா அதைத் திரும்பக் கேட்டார். கோவிந்தராசுவின் அப்பா குத்தகைதாரராகத் தம் பெயரைப் பதிந்துகொண்டார். பிறகு அப்பாக்கள் இருவரும் காலமாகிவிட, வழக்கு மட்டும் நல்ல உடல்நலத்துடன் எங்களிடம் வந்து சேர்ந்தது. மனுதாரர்கள், சென்னையில் இருக்கும் என் அண்ணனும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியனான நானும். எதிர்மனுதாரர் கோவிந்தராசு. இதற்கிடையில் ஆட்சிகள் மாறி மாறி வந்தன. ஒவ்வொன்றும் தான் உழுகிறவர் பக்கம் என்று அறிவித்தது. உழுகிறவர் யார் என்று கண்டுபிடிக்கும் வேலையை வருவாய் நீதிமன்றத்திடம் விட்டுவிட்டது.

எங்கள் ஊரிலிருந்து நீதிமன்றம் இருக்கும் நகரத்துக்குக் காலையில் ஒரே பேருந்துதான். ஆகவே வாய்தா நாள்களில் மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே இருக்கையில் போனோம். "ஜன்னலோரம் நீங்க உக்காருங்க சார், திரும்பறப்ப எனக்கு" என்பது அவர் வகுத்த ஏற்பாடு. பல ஆண்டுகளில் ஒருமுறைகூட அதில் தகராறு வந்ததில்லை. தேதி தள்ளிப்போன பிறகு ஒரே கடையில் டீ குடிப்போம். ஒருநாள் கண்ணாடிக் குவளையை வைத்துவிட்டுக் கேட்டார்: "நம்ம கேசு முடிஞ்சிட்டா சார், நாம ரெண்டு பேரும் எங்க பாத்துக்கறது?"

அந்த டீக்கடைச் சுவரில்தான் அறிவிப்பு ஒட்டியிருந்தது. டிக் வெல்டிங், மூன்று மாதம், அரசுத் திறன் பயிற்சி, கட்டணமில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒரு ஒத்தாச சார். இருவது பேரு இருந்தாத்தான் ட்ரெய்னிங்காம். பத்தொம்போதுல நிக்குது."

"எனக்கு அறுபது முடிஞ்சிருச்சு கோவிந்தராசு."

"எனக்கு மட்டும் பதினெட்டா? ஐம்பத்திரெண்டு. நோட்டீசுல வயசுன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல ஒண்ணும் எழுதாம விட்டுட்டாங்க. நீங்க சும்மா வந்து பேப்பர் படிங்க. தலைக்கணக்குக்குத்தான்."

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இது?"

"ரெண்டு வருசமா குறுவை இல்ல. சம்பாவும் அரைகுறை. திருப்பூர் போயி பனியன் கம்பெனில நிக்கலாம். நின்னா, நெலத்துல ஆளே இல்லன்னு உங்க வக்கீலு எழுதிக் குடுத்துருவாரு. இங்கேயே இருந்துக்கிட்டு ஒரு கைத்தொழில் பாத்தா வயித்துக்கும் ஆச்சு, நெலமும் கைய விட்டுப் போவாது."

நிலத்தை எப்படித் தக்கவைத்துக்கொள்ளப்போகிறார் என்பதை நிலத்தைக் கேட்டு வழக்குப் போட்டவனிடமே விளக்கிச் சொன்ன இன்னொரு எதிர்மனுதாரரை நான் கேள்விப்பட்டதில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பயிற்சி, பூட்டிக் கிடந்த ஒரு நெல் கிடங்கில் நடந்தது. பதிவேட்டில் இருபது பேர். வந்தவர்கள் ஏழு பேர். மீதிப் பதின்மூன்று பேரும் மூன்று மாதத்தில் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. கற்றுக்கொடுத்தவர் விமலா, இருபத்தாறு வயது, தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துக் கப்பல் கட்டுமிடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எங்களிடம் இரக்கமே காட்டாதவர். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

டிக் வெல்டிங் தெரியாதவர்களுக்கு: ஒரு கையில் டார்ச். அதன் முனையில் டங்ஸ்டன் ஊசி. ஊசிக்கும் தகட்டுக்கும் இடையே மின்சுடர் எரியும். சுற்றிலும் ஆர்கான் வாயு வந்து காற்றுப் படாமல் காக்கும். தகடு உருகி ஒரு சிறு குளமாகும்போது, மறுகையால் மெல்லிய கம்பியை அதில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். ஊசி குளத்தில் பட்டுவிட்டால் கெட்டது. கழற்றி, சாணை பிடித்து, மறுபடி தொடங்க வேண்டும். முதல் வாரம் நாங்கள் கற்றது சாணை பிடிக்க மட்டுமே.

இரண்டாம் வாரம் பெரும்பாலும் ஊசி தப்பியது; ஆனால் ஏழு பேர் பற்றவைத்த பற்றுகளும் கறுத்துப்போய்ப் புழு அரித்ததுபோல் பொத்தல் பொத்தலாக வந்தன. சிலிண்டரை மாற்றினார்கள். குழாயை மாற்றினார்கள். நான்காம் நாள் விமலா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். மூலையில் ஒரு மேசை மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அரசு விலையில்லாமல் வழங்கியது. நடுவில் தலைவரின் படத்துடன். அதைக் கோவிந்தராசு தம் வீட்டிலிருந்து மேடத்துக்கு வேர்க்கிறதே என்று கொண்டுவந்து வைத்திருந்தார். ஆர்கானை எல்லாம் அது ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இதை அணைங்க."

"கவர்மெண்டு ஃபேன் மேடம்."

"வெல்டிங்கும் கவர்மெண்டுதாண்ணே. ரெண்டுல ஒண்ணுதான் ஓடும்."

விசிறி நின்றது. சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், தோல் கையுறை போட்டுக்கொண்டு நாங்கள் முதல் முறையாக ஒழுங்காகப் பற்றவைத்தோம்.

அவருக்கு மட்டும் இன்னொரு கோளாறு இருந்தது. டார்ச்சை முன்னோக்கித் தள்ளிப்போக வேண்டும். கம்பி முன்னால் வர வேண்டும். அவர் பின்னோக்கி இழுத்தார். கம்பிப் பொட்டுகள் சம இடைவெளியில், அழகாக, முற்றிலும் தவறாக விழுந்தன. விமலா கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார். அவர் திரும்பியதும் கை பழையபடி பின்னால் போகும். எனக்குத்தான் முதலில் புரிந்தது. எங்கள் பக்கத்தில் நடவு பெண்கள் வேலை. ஆனால் ஆள் கிடைக்காத ஆண்டுகளில் கோவிந்தராசு, மனைவியோடு தாமே சேற்றில் இறங்கி நட்டவர். நடவு நடுகிறவர் பின்னால் நகர்ந்துதான் நட வேண்டும். முன்னால் போனால் நட்டதையே மிதிப்பார். ஐந்து மா வயலில் படிந்த பழக்கத்தை அவர் கை ஓர் அடித் தகட்டிலும் விடவில்லை.

"அது நட்டது மாதிரிதான் வருது மேடம். என்ன செய்யச் சொல்றீங்க?"

"நட்டதை மறங்கண்ணே."

மறக்க அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டார். எவர்சில்வரில் நல்ல பற்று வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும், சாம்பல் நிறமானால் சூடு கூடிவிட்டது என்று பொருள் என விமலா சொன்னபோது, வகுப்பில் அவர் மட்டும் கை தூக்கினார்: "இந்த வருசத்து வைக்கோலா, போன வருசத்து வைக்கோலா மேடம்?" விமலா கொஞ்சம் யோசித்து, இந்த வருசத்தது என்றார். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வேலைகள் சிறியவை. முதலில் ஒரு பேனாத் தாங்கி. என்னுடையது சாய்ந்து நின்றது. பிறகு தண்ணீர் நிற்கும் தொட்டி, உள்ளங்கை அகலம். அடுத்தது ஆறு பக்கமும் மூடிய கனசதுரம். இதில்தான் கோவிந்தராசு திணறினார். பதினொரு விளிம்புகளை முத்துப் போலப் பற்றவைப்பார். பன்னிரண்டாவது விளிம்பின் கடைசி அரை அங்குலத்தில், பொட்டென்று உருகிய உலோகம் வெளியே வெடித்துத் தெறிக்கும். மூன்று பெட்டிகள் அப்படிப் போயின. உள்ளே அடைபட்ட காற்று சூடேறிப் போக வழியில்லாமல் வெளியே பாய்கிறது என்று விமலா சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தண்ணி போக வாமடை வைக்காம வரப்பக் கட்டிருக்கேன் பாருங்க" என்றார். நான்காவது பெட்டியின் ஒரு மூலையில் ஊசித் துளை ஒன்று போட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூடினார். பெட்டி தெறிக்காமல் நின்றது.

"ஓட்டை இருக்கே கோவிந்தராசு" என்றேன்.

"நாம வச்சா அது வழி சார். அதுவா வந்தாத்தான் ஓட்டை."

கடைசி வேலையை அவரவர் தேர்ந்துகொள்ளலாம். மற்றவர்கள் படச்சட்டம், சாமி விளக்கு என்று செய்தார்கள். அவர் தம் வயல் மடைக்கு ஒரு தடுப்புப் பலகை செய்தார். தஞ்சை மாவட்டத்தில் எவர்சில்வர் பலகை பொருத்திய மடை அது ஒன்றாகத்தான் இருக்கும். கொண்டுபோய்ப் பொருத்தி, என்னை அழைத்துக் காட்டினார். அந்த ஆண்டும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. பலகை பளபளவென்று இருந்தது.

சான்றிதழ் வழங்கும் நாளில், நானும் அவரும் சான்றிதழைப் பிடித்தபடி, நான் அவர் தோளில் கை போட்டு, படம் எடுத்துக்கொண்டோம். அவருக்கு முதல் வகுப்பு, எனக்குத் தேர்ச்சி. நான் அந்தப் படத்தை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில், "இன்று முதல் நாங்கள் இருவரும் வெல்டர்கள்" என்று எழுதிப் போட்டேன். சென்னை அண்ணன் என் பதிவுகளுக்குப் பதில் போடுகிறவர் இல்லை. அன்று உடனே போட்டார்: "இதைவிடத் தெளிவான படம் இருக்கிறதா?"

அனுப்பினேன்.

பயிற்சி முடிந்த மறுநாள் இயந்திரத்தையும் சிலிண்டரையும் வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் வட்டாரத்துப் பட்டறைகளில் இருப்பவை தீப்பொறி பறக்கும் சாதாரண வெல்டிங். டிக் இயந்திரம் வைத்திருந்த ஒரே பட்டறை பேராவூரணியில். அங்கே அவருடைய வயதைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஆகவே கோவிந்தராசு சான்றிதழ் வாங்கிய நாளுக்குப் பிறகு டார்ச்சைத் தொடவில்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன், நீதிமன்றம் வைத்துக்கொள்ளவில்லை.

குத்தகைதாரர்களைக் காப்பதற்கென்றே செய்த சட்டம் ஒரு கேள்வி கேட்கிறது: இவர் தம் உடலுழைப்பால் அந்த நிலத்தில் சாகுபடி செய்கிறவரா? செய்கிறவர் என்றால் அவரை அசைக்க முடியாது. எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்கள் தரப்பு மோதி மோதித் தோற்ற சுவர் இதுதான். அடுத்த வாய்தாவில் எங்கள் வக்கீல் எழுந்து, கூண்டில் நின்ற கோவிந்தராசுவைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"விவசாயங்க."

"வேற?"

"வேற இல்லைங்க."

வக்கீல் படத்தை நீட்டினார். "இது யாரு?"

"நாந்தாங்க. பக்கத்துல சாரு." பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைக் கையால் காட்டினார்.

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

"சர்டிபிகேட்டுங்க. டிக் வெல்டிங். ஃபஸ்ட் கிளாஸ்."

கடைசி இரண்டு சொற்களை யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

விசாரித்த அதிகாரிக்கு உண்மையாகவே ஆர்வம் வந்துவிட்டது. அது என்ன டிக் வெல்டிங், மற்ற வெல்டிங்கிலிருந்து எப்படி வேறு என்று கேட்டார். கோவிந்தராசு விளக்கினார். ஊசியைப் பற்றி, வாயுவைப் பற்றி, காற்றடித்தால் என்ன ஆகும், வைக்கோல் நிறம் எப்போது வரும் என்று, கூண்டின் கட்டையையே தகடாக வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் செய்து காட்டினார். நான் முப்பத்து மூன்று ஆண்டு பாடம் நடத்தியவன். அவ்வளவு நல்ல பாடம் ஒன்றை நான் நடத்தியதில்லை. அவருடைய வக்கீல் இரண்டு முறை இருமினார். பயனில்லை.

"நடவு மாதிரி பின்னால போவக் கூடாதுங்கய்யா. முன்னால தள்ளணும். நட்டத மறக்கறதுக்கே எனக்கு ஒரு மாசம் ஆயிருச்சு."

"நடவை மறந்துட்டாராம், பதிவு பண்ணிக்கலாங்கய்யா" என்றார் எங்கள் வக்கீல்.

பதிவாயிற்று. படமும் சான்றிதழ் நகலும் எங்கள் தரப்பு ஆவணங்களாகக் குறிக்கப்பட்டன.

திரும்பும்போது ஜன்னலோரம் அவர் முறை. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். வரலாற்று ஆசிரியனுக்குரிய முன்னுரையோடு.

"விடுங்க சார். போட்டோ நீங்களா குடுத்தீங்க?"

"குடும்பத்துக்கு அனுப்பினேன். அண்ணன்..."

"நல்லா விழுந்துருந்துச்சு" என்றார். "எனக்கு ஒரு காப்பி அனுப்புங்களேன். வீட்ல யாருக்கும் காட்டல."

பிளெக்ஸ் கடைக்குப் போன படம் அதுதான்.

அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: அவருக்கு இயந்திரம் கிடையாது, வேலை கிடையாது, இன்றைக்கும் வயலில்தான் இருக்கிறார் என்று. "சர்டிபிகேட் இருக்குல்ல? பொய் ஒண்ணும் சொல்லலியே நாம" என்றார். வழக்கிலிருந்து விலகிக்கொள்வதாக ஒரு கடிதம் எழுதினேன். கடிதம் நன்றாக வந்திருந்தது. இரண்டாம் பத்தி மட்டும் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருந்ததால் திருத்தலாம் என்று வைத்தேன். திருத்தி முடிப்பதற்குள் இரு தரப்பு வாதமும் முடிந்து, உத்தரவுக்காக வழக்கு ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. மூன்று வாரம் கழித்து அந்தப் புதன்கிழமை.

வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். "விவசாயி கோவிந்தராசு" என்று பெரிய எழுத்தில் போட்டு, தோளில் பச்சைத் துண்டு. துண்டு ஓரிடத்தில் சற்று மேடாக இருந்தது. அடியில் இருப்பது என் விரல்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவருடைய மகள் கயல்விழி நாற்காலி எடுத்துப் போட்டார்.

"அப்பா உங்க பேச்சுத்தான் சார் பேசிக்கிட்டே இருப்பாங்க. சாருக்கு ஊசி கெடாம ஒருநாளும் போவாதுன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

"ஆமாம்மா. கெட்டுக்கிட்டேதான் இருந்துச்சு."

"கேசு இனிமே என்னாவும் சார்?"

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். எங்கள் வக்கீலைக் கேட்டேன். "வாதம் முடிஞ்சப்பறந்தான் இறந்துருக்காரு. வழக்கை அது பாதிக்காது, நீங்க கவலைப்படாதீங்க" என்றார். கயல்விழியிடம் இதில் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

அவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது இருக்கும். என்னிடம் அந்த நான்காவது கனசதுரம் இருக்கிறது. பயிற்சி முடிந்த அன்று, "உங்க பேனாத் தாங்கி சாயுது, இதையாச்சும் மேசை மேல வைங்க" என்று கொடுத்தார். பன்னிரண்டு விளிம்புகளும் இந்த வருசத்து வைக்கோல். அதைத் திறக்க முடியாது. உள்ளே ஒன்றும் இல்லை. கூண்டில் நின்று, தம் நிலத்தைத் தாமே பேசி இழந்துகொண்டிருப்பது தெரியாமல், ஒரு தொழிலைப் பிசகில்லாமல் விளக்கிய அந்தக் குரலும் என்னிடம் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக ஏதாவது வைத்திருப்பதாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

அவர் இறந்த பதினோராம் நாள் உத்தரவு வந்தது. எதிர்மனுதாரர் வெல்டர் என்று நிரூபணமாகியிருப்பதால் ஐந்து மா நிலமும் மனுதாரர்களின் சுவாதீனத்துக்கு வந்தது. இந்தச் சம்பாவுக்கு அதில் நடவு நடக்கவில்லை.